மனைவிக்கு வாங்கிய நடைக்கம்பு

"யாருக்கு?" என்று கடைப் பெண் கேட்டதும் பெவன் டல்லக் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"என் வொய்ஃபுக்கு" என்றார். யோசித்துப் பதில் சொல்லியிருந்தால் பின்னால் வந்த வினையெல்லாம் வந்திருக்காது.

ஒரு ஜோடி நடைக்கம்பு வாங்குவதற்காக அவர் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஆஷ்பர்ட்டன் வரை வண்டி ஓட்டி வந்திருந்தார். கிறைஸ்ட்சர்ச்சில் கடையே இல்லையா என்றால், தடுக்கி விழுந்தால் மலையேற்றச் சாமான் கடைதான். ஆனால் அந்தக் கடைகளில் எதில் நுழைந்தாலும் அவருடைய மலைநடைச் சங்கத்து ஆள் எவனாவது ஒருவன் காலுறைகளைப் புரட்டிக்கொண்டு நிற்பான். அவன் கண்ணில் பெவன் கம்பும் கையுமாகப் பட்டால் அத்தோடு மானம் போயிற்று.

ஏனென்றால் நடைக்கம்புகளுக்கு 'பின்னல் ஊசி' என்று பெயர் வைத்தவரே அவர்தான். சங்கத்தின் நடைத்தலைவர் அவர். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மலை அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்தியதும் ஒரு சொற்பொழிவு ஆற்றுவார். மனுஷனுக்குக் கால் ரெண்டு, நாலு காலில் நடக்கிற ஜீவன்களுக்கு வேறு பெயர், ஊசி கொண்டுவந்தவர்கள் அதை வண்டியிலேயே வைத்துவிட்டு வரலாம் என்பது அதன் சாரம். எல்லோரும் சிரிப்பார்கள். கம்பு கொண்டுவந்தவர்கள் சற்று மெதுவாகச் சிரிப்பார்கள்.

பல வருஷங்களுக்கு முன் அவர் மனைவி ரேவினும் இடுப்பில் ஏதோ பிடிப்பு என்று ஒரு கம்பை எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன் என்றாள். "ஊசி பிடிக்க ஆசைன்னா வீட்ல உக்காந்து பின்னு" என்று சொல்லிவிட்டார் பெவன். அவளும் கோபப்படாமல், அடுத்த மாதமே புதன்கிழமைப் பின்னல் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டாள். பெண்டாட்டி இவ்வளவு சொல்பேச்சு கேட்பாள் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. இத்தனை காலத்தில் ஒரு கையுறைகூடப் பின்னி முடிந்து வீட்டுக்கு வரவில்லை. ஏதோ கஷ்டமான டிசைன் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

இப்போது அவருடைய வலது முட்டி பழிவாங்கியது. ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போதுதான் உயிர் போனது. வீட்டுப் பின்கட்டில் இருக்கும் நாலு படியையே அவர் கொஞ்ச நாளாகப் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார். கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறேன், எங்கோ ஒழுகுகிறது என்று ரேவினிடம் சொல்லி வைத்திருந்தார். மருத்துவரிடம் போனால், கம்பு இல்லாமல் இனி மலையிறக்கம் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஈஸ்டர் நெருங்கிவிட்டது. ஈஸ்டருக்கு மறுவாரம் சங்கத்தில் தேர்தல். கிளைவ் ஹாஸ்கின் தலைவர் நாற்காலியை ஏற்கெனவே கண்ணாலேயே துடைத்து வைத்திருந்தான்.

"உங்க வொய்ஃப் எவ்வளவு உயரம்?" என்றாள் கடைப் பெண். மெரியானா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது.

"என் தோள் வரைக்கும் வருவா."

"அப்படின்னா அந்த உயரத்துக்குக் கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க. முதுகை வளைக்கக் கூடாது, முட்டியை மடக்கணும்."

வேறு வழியில்லாமல் பெவன் முட்டியை மடக்கினார். முட்டி உள்ளே ஒரு கூச்சல் போட்டது. அவள் நிதானமாகக் கம்பின் பூட்டைத் திறந்து, இழுத்து, மூடி, அவர் கையில் கொடுத்தாள். சமதரையில் முழங்கை செங்கோணத்தில் நிற்க வேண்டும், ஏற்றத்தில் கம்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும், இறக்கத்தில் கூட்டிக்கொள்ள வேண்டும், வாருக்குள் கையை அடியிலிருந்து மேலாக நுழைக்க வேண்டும், எதை மறந்தாலும் கம்பில் போட்டிருக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்டி மட்டும் இழுக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெவன் அரை உட்காரலில் வியர்த்து வழிந்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கடைசியில் அவள் எடுத்து வைத்தது பெண்களுக்கான ஜோடி. சின்னக் கைப்பிடி, குட்டை உருவம், பளீரென்ற ஊதா நிறம்.

"இன்னும் கொஞ்சம் நீளமா இருக்கா?" என்றார் பெவன், பட்டும் படாமலும்.

"நீளமானா அவங்களுக்குத் தோள் வலிக்கும்."

"இல்ல, எதுக்கும் இருக்கட்டுமேன்னு..."

"இனிமே வளருவாங்களா?" என்று மெரியானா மரியாதையாகவே கேட்டாள். பெவன் ஊதா ஜோடிக்கே பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தார்.

கடைசிவரை இழுத்தால் எப்படியாவது தன் கைக்கு எட்டும், ஊதா நிறத்தைக் கறுப்பு டேப் சுற்றி மறைத்துக்கொள்ளலாம் என்று வழி முழுக்கக் கணக்குப் போட்டபடி வந்தார். கம்புகளை வண்டியின் பின்பக்கம், ஒரு பழைய கம்பளத்துக்கு அடியில் மறைத்தும் வைத்தார். மறுநாள் காலை ரேவின் ஒரு கூடை ஃபெய்ஜோவாப் பழத்தைத் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோக, கூடைக்கு அடியில் விரிக்க அதே கம்பளத்தைத்தான் தேடினாள்.

"பெவன்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "இது என்ன?"

அவர் போய்ப் பார்த்தார். இரண்டு கையிலும் இரண்டு ஊதாக் கம்போடு நின்றாள்.

"உனக்குத்தான். சர்ப்ரைசா குடுக்கலாம்னு இருந்தேன்."

ரேவின் அவரையே பார்த்தாள். பிறகு முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பெவனுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் பிறந்த நாளுக்கு ஒரு வாணலிக்கு மேல் எதுவும் வாங்கிக் கொடுத்திராத மனுஷனுக்கு அது உறைத்தது. உண்மையாகவே மனசு கலங்கிவிட்டது.

"அப்படின்னா இந்த ஈஸ்டருக்கு நானும் வர்றேன்" என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"நீயா? மலைக்கா? உனக்குப் பழக்கமே இல்லையே."

"நீ இருக்கியே, பாத்துக்க மாட்டியா?"

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வேறொரு ஜோடி வாங்க ஆஷ்பர்ட்டனுக்கு மறுபடி போகவும் நேரமில்லை. வழியில் அவ்வப்போது அவளுடைய கம்பை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் போட்டுத் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

ஈஸ்டர் காலை. அடிவாரத்தில் வண்டிகள் நின்றன. சொற்பொழிவுக்காகக் கூட்டம் ஆவலாகக் காத்திருந்தது. பெவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதல் தடவை வருபவர்களுக்கு மட்டும் இந்த ஆண்டு விலக்கு உண்டு என்று ஒரு புது விதியை அறிவித்தார். எல்லோருடைய பார்வையும் ஊதாக் கம்புகள் மேல் போய், பெவன் மேல் வந்து, பிறகு பூட்ஸ் கயிறுகளுக்கு இறங்கியது. கிளைவ் மட்டும் வாய்விட்டுக் கேட்டான், தலைவர் வீட்டுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா என்று. பெவன் காதில் விழாதது போல நடக்க ஆரம்பித்தார்.

ஏற்றத்தில் அவர் பயந்தது எதுவும் நடக்கவில்லை. ரேவின் நடந்த நடைதான் அவரைத் திகைக்க வைத்தது. போகிற போக்கிலேயே பூட்டைத் தட்டிக் கம்பைக் குறைத்தாள். வேர்களுக்கு நடுவே கம்பை ஊன்றி, பேசிக்கொண்டே ஏறினாள். ஓடையைக் கடக்கையில் கல்லுக்குக் கல் தாண்டியது முதலில் அவள்தான், வேர்வைகூட இல்லை. கம்பு என்றால் இப்படி ஒரு சக்தியா என்று பெவன் வியந்தார். பழக்கமே இல்லாத ஒருத்தியையே இப்படி ஏற்றிவிடுகிறது என்றால், தனக்கு என்னவெல்லாம் செய்யும்! இவ்வளவு காலம் முட்டாள்தனமாக இருந்துவிட்டோமே என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது.

முகட்டைத் தாண்டியதும் மலைக்குடிலை நோக்கி இறக்கம் தொடங்கியது. நாலு அடி வைத்ததுமே முட்டியில் கத்தி பாய்ந்தது.

"ரேவின், அந்தக் கம்பைக் குடு. பூட்டு லூசா இருக்கிற மாதிரி தெரியுது. சோதிச்சுப் பாத்துட்டுத் தர்றேன்."

"ரெண்டுமேவா?"

"ரெண்டுமே."

அவள் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுக் கைவீசிக்கொண்டு முன்னால் போனாள். பெவன் கம்புகளைச் சிவப்புக் கோடு வரை இழுத்தார். அப்படியும் எட்டவில்லை. இடுப்பை ஒடித்து, வீட்டைப் பெருக்குகிற மாதிரி குனிந்துகொண்டே இறங்கினார். முட்டிக்குக் கிடைத்த நிம்மதி முழுதும் முதுகுக்கு வலியாகப் போய்ச் சேர்ந்தது.

"தலைவரே, ஏதாவது தொலைஞ்சு போச்சா?" பின்னாலிருந்து கிளைவின் குரல்.

"பூட்டைச் சோதிக்கிறேன்."

"நல்லா சோதிங்க. முகட்டுலேர்ந்து சோதிச்சுக்கிட்டே வர்றீங்க."

கிளைவ் தாண்டிப் போகட்டும் என்று பெவன் நின்றார். கிளைவும் நின்றான். அவன் எதிரில் கூனிக்கொண்டு இறங்க முடியாது. நிமிர்ந்து நடக்க வேண்டுமானால் கம்பு நீள வேண்டும். ஆஷ்பர்ட்டன் பெண் சொன்னது நன்றாகவே நினைவுக்கு வந்தது. வந்தும், பெவன் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஒரு இழுப்பு இழுத்துப் பூட்டினார். ஆகா, சரியான உயரம். நெஞ்சை நிமிர்த்தி, கம்பீரமாக ஊன்றி, மூன்றடி வைத்தார்.

நாலாவது அடியில் ஒரு கம்பு மடக்கென்று பாதியாகக் குறுகியது. இன்னொன்று அடித்துண்டைச் சேற்றில் விட்டுவிட்டுக் கையோடு வந்துவிட்டது. தலைவர் சதுப்பு நிலத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். குளிர்ந்த சேறு அவரை இடுப்பு வரை அன்போடு ஏற்றுக்கொண்டது.

"பூட்டு லூசுதான்" என்றான் கிளைவ்.

தூக்கிவிட்டவனும் அவன்தான், அதுதான் பெரிய கொடுமை. சேற்றில் கையை விட்டுத் துழாவியும் அடித்துண்டு அகப்படவில்லை. மிச்சமிருந்த ஒற்றைக் கம்பை இனிமேல் கையில் வைத்துக்கொண்டு நடக்கவும் அவருக்கு மனசு வரவில்லை. முன்னால் போய்விட்ட ரேவினுக்குக் கிளைவிடமே கொடுத்து அனுப்பிவிட்டு, ஒவ்வொரு மரமாகக் கட்டிப் பிடித்து இறங்கினார். பறவைகளைக் கவனிப்பதாக, பக்கத்தில் போனவர்களிடம் சொல்லிக்கொண்டார். ஈஸ்டர் நடையில் தலைவர் குடிலுக்குக் கடைசி ஆளாக வந்து சேர்ந்தது சங்கத்தின் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை.

குடில் வராந்தாவில் எல்லோரும் பூட்ஸைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, காலுறையோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இலையுதிர் காலம் முழுக்கக் குடிலைப் பார்த்துக்கொள்ளும் ராவிரி, அடுப்பிலிருந்து இறக்கிய பெரிய கெட்டிலோடு உள்ளேயும் வெளியேயுமாக நடந்துகொண்டிருந்தார். பெவன் படியில் பின்பக்கமாக ஏறப் போய், ஏறுவதற்கு அது தேவையில்லை என்று நினைவு வந்து திரும்பிக்கொண்டார்.

கிளைவ் குரலைத் தாழ்த்தாமலே சொன்னான். நாளைக்குத் திரும்பும் பாதை இதைவிடச் செங்குத்து, யார் முன்னால் போவது என்று இப்போதே முடிவு பண்ணிவிடுவது நல்லது. தலைவருக்குப் பறவைகள் மேல் ஆர்வம் வந்துவிட்டதால், வேண்டுமானால் தானே கூட்டிப் போவதாகவும் சொன்னான்.

எல்லோரும் டீக்கோப்பைக்குள் பார்த்தார்கள். பெவனின் வாயில் அடுத்த பொய் தயாராக இருந்தது. பூட்ஸ் கடிக்கிறது என்று சொல்லலாம். வயிறு சரியில்லை என்று சொல்லலாம். அப்போது ரேவினைப் பார்த்தார். அவள் அந்த ஒற்றை ஊதாக் கம்பின் சேற்றைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். இவர் பொய்க்கு வாங்கிய சாமானை அவள் இப்படிப் போற்றுகிறாளே என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. நாற்காலி போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது.

"ரேவின்" என்றார். "அந்தக் கம்பு உனக்காக வாங்கினதில்ல."

கெட்டிலோடு உள்ளே போகத் திரும்பிய ராவிரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எனக்காக வாங்கினேன். முட்டி போயிடுச்சு. இறங்கவே முடியல. வெளியில சொல்ல வெட்கமா இருந்துச்சு, கடையில உன் பேரைச் சொல்லிட்டேன். கூரையும் ஒழுகல. பின்னல் ஊசின்னு உன்னைக் கிண்டல் பண்ணினேனே, அதுவும் தப்புதான்."

"அப்படியா?" என்றாள் ரேவின், துடைப்பதை நிறுத்தாமல்.

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் ராவிரி கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் தொங்கிய சாவிக் கொத்திலிருந்து ஒன்றைப் பிரித்து எடுத்தார்.

"அப்பாடா, சொல்லிட்டாரா? ரேவின், போன புதன்கிழமை உங்க பின்னல் குழுவோட வழக்கம்போல மலையேறி இங்க வந்தப்போ, வீட்டுக்காரர் தானா உண்மையைச் சொன்னாத்தான் குடுக்கணும்னு ஒரு ஜோடி நீளக் கம்பை விறகுக் கொட்டகையில வச்சுப் பூட்டச் சொன்னீங்களே, இப்ப எடுத்துட்டு வரட்டுமா?"