ராகு காலமும் ஒரு கேமராவும்

இனி மனைவியிடம் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். முடிவு ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள் என் பழைய கேமரா உயிரை விட்டது.

ஞாயிறு காலை பாஷாண் ஏரி, பறவைகள், நான். வாரம் பூரா மகர்பட்டா ஆபீஸில் தலையாட்டும் இந்த விச்சுவுக்கு மிச்சம் அந்த மூன்று மணி நேரம்தான். கேமரா இல்லாமல் போனால் அதற்கு வாக்கிங் என்று பெயர். மனைவி ஸ்ரீரஞ்சனியும் கூடவே வந்துவிடுவாள்.

"புதுசா ஒண்ணு வாங்கலாம். உன் சமையல் வீடியோவுக்கு," என்றேன்.

"எனக்கா?" என்றாள். நம்பியது போல்தான் இருந்தது.

ஞாயிறு மாலை கேம்ப் கடைத்தெருப் பக்கம் ஒரு கேமரா கடைக்குப் போனோம். வாசலில் மணி பார்த்தேன். நாலரை. ராகு காலம் ஆரம்பம். புனே வந்து இருபது வருஷத்தில் அந்த நேரத்தில் நான் ஒரு பல்பு கூட வாங்கியதில்லை.

"ஆறு மணிக்கு மேல வாங்கிக்கலாம். நான் டீக்கடையில இருக்கேன்."

"இருங்கோ. நான் உள்ளே ஏசில உக்காந்துண்டிருக்கேன்."

விட்டேனே, அதுதான் தப்பு. மூன்று டீ குடித்துவிட்டு ஆறு மணிக்கு உள்ளே போனால் மேஜைமேல் கேமரா தயாராக இருக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"கண்ணை எங்கேடி வெச்சுப் பாக்கறது?"

"வெக்கவே வேண்டாம். இப்பெல்லாம் வீடியோ எடுக்கறவாளுக்குன்னுதான் பண்றாளாம். சூடாகாம இருக்க உள்ளே ஃபேன் கூட இருக்கு."

"ஃபோட்டோ?"

"எடுக்குமாம். வெயில்ல திரைதான் சரியாத் தெரியாது. கிச்சன்ல ஏது வெயில்?"

"இதெல்லாம் யாரு சொன்னா?"

"கடைக்காரர்தான். ஒன்றரை மணி நேரம் இருந்ததே, ஹிந்தில எல்லாம் கேட்டுண்டேன். ஏரியில பறவை எடுக்க லாயக்கில்லையான்னும் கேட்டேன். சுத்தமா இல்லைன்னுட்டார்."

உனக்குத்தான் என்று சொன்ன வாய் என் வாய். பணத்தைக் கட்டினேன்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணி. பறவைகள் ஏரியில். நான் வத்தக்குழம்புக்கு முன்னால், கையில் கேமராவோடு. திரை அவள் பக்கம் திரும்பியிருக்கிறது. அவள் அதில் தன்னைப் பார்த்து முடியை ஒதுக்கிக்கொள்கிறாள். நான் என்ன எடுக்கிறேன் என்று எனக்கே தெரியாது. நாற்பது நிமிஷத்தில் தோள்பட்டை கழன்றுவிட்டது.

"ஒரு ஸ்டாண்டு வாங்கியிருக்கலாமேடி," என்றேன்.

"கடைக்காரரும் வேணுமான்னு கேட்டார்," என்றாள் கரண்டியை எடுத்தபடி. "ஆத்துல ஒண்ணு சும்மாதான் நிக்கறதுன்னு சொல்லிட்டேன்."