டெட்ராய்ட்டிலிருந்து பெங்களூர், என் கணக்கில்

மனைவி ஊரில் இல்லாத ஆண்பிள்ளைக்குக் கணக்கு வராது. இதை நான் ஒப்புக்கொள்வது அவமானம்தான், ஏனென்றால் என் பிழைப்பே கணக்கு. ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று, எந்த வேலைக்கு எத்தனை நொடி ஆகிறது என்று எழுதுகிறவன் நான். (லைனில் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.)

என் மனைவி ஸ்டெல்லாவை அவளுடைய கம்பெனி எட்டு மாதப் பயிற்சிக்கு டெட்ராய்ட் அனுப்பியிருந்தது. எட்டு மாதமும் அவள் தலையணையை நகர்த்தாமல் கட்டிலின் ஓரத்திலேயே படுத்தேன். அவ்வளவு ஏக்கம். ஒருவழியாக டிக்கெட்டின் படம் போனில் வந்தது. சனிக்கிழமை மாலை அங்கே கிளம்பி, திங்கள் காலை பெங்களூர்.

உடனே கணக்குப் போட்டேன். தூரம் சுமார் பதின்மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் போகும். ஆக, பதினைந்து மணி நேரம். நடுவில் விமானம் மாறுவதற்குக் காத்திருப்பதை, எங்கள் தொழில் வழக்கப்படி, வீண் நேரம் என்று கழித்துக்கட்டினேன். (நான் கழித்தால் விமானமும் நிற்காமல் வந்துவிடும் என்ற நினைப்பு!) அங்கே சனிக்கிழமை மாலை என்றால் இங்கே ஞாயிறு விடியப்போகிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஞாயிறு காலையே வந்துவிடுவாள், திங்கள் என்று சொல்லி நம்மை அசத்தப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

"மாப்ள, டிக்கெட்ல திங்கள்னுதான போட்டிருக்குது?" என்றார் மாமியார்.

"அதெல்லாம் சும்மா அத்தை. கணக்கு பொய் சொல்லாது."

திங்கள் எனக்கு வார விடுமுறை. அதை இன்னொருவரிடம் கொடுத்து ஞாயிறை வாங்கிக்கொண்டு, மாமியாரோடு விமான நிலையம் போனேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை வெளியே வரும் கதவையே பார்த்தோம். தூரத்தில் ஸ்டெல்லாவாகத் தெரிந்த ஒவ்வொரு பெண்ணும் கிட்டே வந்ததும் வேறு யாரோ ஆனாள். அவள் போன் அணைந்திருந்தது. "பாத்தீங்களா, பறந்துட்டிருக்கா" என்றேன். கடைசியில் ஒரு காவலர் என் போனில் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இவத்தல்ல சார், நாளெ" என்றார். இன்றில்லை, நாளை என்று புரிந்துகொள்ள என் கன்னடம் போதும். மாமியாருக்கு இரண்டு காலும் வீங்கியிருந்தது.

திங்கள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. எனக்கு முதல் ஷிப்ட். மாற்றிக்கொள்ள ஒருவரும் சம்மதிக்கவில்லை. (ஸ்டாப்வாட்ச்காரனுக்கு யார் இரங்குவார்கள்?) டாக்சி பிடித்து வந்துவிடு என்று அவளுக்கு மெசேஜ் போட்டேன்.

பதினோரு மணிக்கு கேட்டிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார். பாதுகாப்புக் கண்ணாடியும் கனத்த ஷூவுமாக ஓடினேன். வெளியே டாக்சி, இரண்டு பெட்டி, ஸ்டெல்லா. இளைத்திருந்தாள்.

"ஏங்க, கதவத் தாண்டுனா நீங்க நிப்பீங்கன்னு எட்டு மாசமா நெனச்சுட்டே இருந்தேன். எல்லாருக்கும் ஆள் வந்திருந்தாங்க. எனக்கு மட்டும் யாருமில்ல."

"நேத்து பூரா அங்கதான் நின்னேன்" என்றேன்.

அழப்போகிறாள் என்று நினைத்தேன், சிரித்தாள். பிறகு அழுதாள். கண்ணாடி போட்டிருந்ததால் நான் அழுததை யாரும் பார்க்கவில்லை என்று இன்றுவரை நம்புகிறேன்.

இப்போதெல்லாம் வீட்டு விசேஷம் எதுவானாலும் மாமியார் எனக்கு மட்டும் ஒரு நாள் தள்ளித் தேதி சொல்கிறார். "அப்பத்தான் மாப்ள சரியான நாளுக்கு வருவாரு" என்பார். சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஸ்டெல்லா மறுபடியும் டெட்ராய்ட் போயிருக்கிறாள். வியாழன் காலை வருகிறாள் என்று டிக்கெட் சொல்கிறது. புதனுக்கும் வியாழனுக்கும் லீவு போட்டிருக்கிறேன்.