மோவாய்க் குழி இன்னும் வந்து சேரவில்லை

அன்புள்ள பேத்தி மார்லீனுக்கு, நெப்ராஸ்காவிலிருந்து உன் பாட்டி அன்டோனியா எழுதிக்கொள்வது. இங்கே கோழிகள் உட்பட எல்லாரும் சுகம். சியாட்டிலில் நீயும், உன் வீட்டுக்காரர் வால்டரும், புதுசாய்ப் பிறந்த என் கொள்ளுப்பேரன் ரூடியும் சுகமாயிருக்கும்படி டிவி மேலே நிற்கிற குழந்தை யேசுவிடம் தினமும் சொல்லிவைக்கிறேன்.

முதலில் நல்ல சேதிகள். உன் தம்பி லெனர்டின் கன்றுக்குட்டி போன கோடையில் கவுன்டி சந்தையில் முதல் பரிசு நீல ரிப்பன் வாங்கியது. உன் சித்தப்பா மகள் டோலோரஸ் நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாள்; அவள் ஊசி போட்டால் வலிப்பதேயில்லை என்று அவளிடம் போட்டுக்கொள்ளாதவர்கள்கூடச் சொல்கிறார்கள். அவள் தம்பி மில்டன் போல்கா வாத்தியக் குழுவில் டியூபா ஊதுகிறான், காற்று திரும்பியடித்தால் நம் வீட்டு ஜன்னல் அதிர்கிறது. கடைக்குட்டி ஜோன் கிறிஸ்துமஸ் நாடகத்தில் செம்மறியாடாக நடித்தாள்; ஒரே இடத்தில் கத்தச் சொன்னார்கள், குழந்தை தாராள மனசோடு கடைசிவரை கத்தினாள். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்ல வேண்டியவர்களிடம் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

அந்தப் பெருமைதான் இப்போது என்னைக் கவிழ்த்துவிட்டது. உன் தாத்தா மோவாயில் ஒரு பட்டாணி உட்காரும் அளவுக்குக் குழி இருந்தது ஞாபகம் இருக்கிறதா? நான் அவரைக் கட்டிக்கொண்டதே அதைப் பார்த்துத்தான், நிலத்தைப் பார்த்து என்று ஊரில் சொல்வது பொய். நான் பெற்றதுகள் ஒன்றுக்கும் அந்தக் குழி வரவில்லை, பேரப்பிள்ளைகளுக்கும் வரவில்லை, எல்லாருக்கும் என் மோவாய், அதாவது கரண்டி. நீ பிள்ளைக்குத் தாத்தா பேரையே வைத்தாய் என்று கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை, கோவில் வாசலில் பனியில் நின்றுகொண்டு மாதா சபைப் பெண்களிடம், "பேர் மட்டுமில்லை, குழியும் அப்படியே வந்திருக்கு!" என்று சொல்லிவிட்டேன். நம்ம வ்லாஸ்டா இருக்கிறாளே, அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு, "நீ பார்த்தியா?" என்றாள். "வர்ற ஞாயிறு எங்க வீட்டுக்கு வா, நீயே பாரு, டெலிபோன் கம்பி வழியா படம் வருது" என்றேன். உன்னிடம் போனில் கேட்டால் நீயோ, "கன்னச் சதை மூடியிருக்கு பாட்டி, இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு" என்கிறாய். இதை வைத்துக்கொண்டு நான் வ்லாஸ்டா முன்னால் எப்படி நிற்பது?

கம்பி வழியாப் படம் அனுப்புவது வால்டரின் யோசனைதானே, அந்தப் பிள்ளைக்குத் தபால்தலை ஒட்டுவதென்றால் கேவலம். இங்கே அந்தப் படத்தைப் பிடித்துக் காட்டவேண்டிய லெனர்டின் கம்ப்யூட்டரோ, ஊரே தூக்கிப்போட்ட பழைய ரகம், டிவியில் செருகினால்தான் அதற்கு முகமே உண்டு. முதலில் அதனிடம் இருந்த மோடம், அதுதான் போன் கம்பியைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற பெட்டி, என் மாதிரி மெது, ஒரு படம் வருவதற்குள் ஒரு ஜெபமாலை முடிந்துவிடும், முக்கால்வாசி வந்திருக்கும்போது உன் அப்பா எமில் அடுக்களைப் போனைத் தூக்கி, "ஹலோ, சோளம் என்ன விலை?" என்றான், போச்சு. அதனால் லெனர்ட் வேகமான மோடம் ஒன்றைச் சிநேகிதனிடம் கேட்டு வாங்கிவந்தான். மோடம் ஓடுகிறது, கம்ப்யூட்டரால்தான் கூட ஓட முடியவில்லை, வந்ததெல்லாம் குப்பையும் கூளமும். "உள்ளே இருக்கிறது ஒரே ஆள் பாட்டி. திரையிலே வரையவும் வேணும், கம்பியிலே வர்றதைப் பிடிக்கவும் வேணும்னா அது என்ன செய்யும்? படம் வந்து முடியிற வரைக்கும் திரையை இருட்டாக்கிட்டோம்னா முழுக் காதும் கம்பி மேலே இருக்கும்" என்று ஒரு வழி கண்டுபிடித்தான். ரொம்பச் சரி. ஆனால் இதை என்னிடம் சொன்னது மறுநாள்தான். அன்றைக்கு நான் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு உள்ளே வந்து பார்த்தால் கூடத்தில் யாருமில்லை, திரை கன்னங்கரேல் என்று கிடக்கிறது, சின்னதாய் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் வீணாய் எரிகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கரண்டின் அருமை தெரிகிறதா என்று திட்டிக்கொண்டே சுவிட்சை அணைத்துவிட்டேன். உன் மகனை மூக்கோடு அணைத்துவிட்டேன் என்று அப்புறம்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாதா சபை முழுக்கக் கூடத்தில். ப்ளம் வைத்த கொலாச் ரொட்டி தட்டுத் தட்டாய்ப் போகிறது, அடுக்களையில் உன் அம்மா லியோனா மாவு உருண்டை வேகவைக்கிறாள். வால்டர் அங்கிருந்து அனுப்புகிறான், லெனர்ட் இங்கே திரையை இருட்டாக்கிவிட்டு, "பாட்டி, இந்த நீளப் பொத்தானைத் தட்டினா திரை திரும்ப வந்துடும், படம் கெட்டுடும். தொடாதே" என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னான். எல்லாரும் இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். வ்லாஸ்டா கொலாச்சை மென்றுகொண்டே, "பிள்ளை நிலக்கரிக் கிடங்கிலே இருக்கா, அன்டோனியா?" என்றாள். நான் தட்டை அவள் பக்கம் தள்ளிவைத்தேன். "குழின்னியே, இவ்வளவு பெரிய குழின்னு சொல்லலியே, முகமே உள்ளே போயிடுச்சே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், உபதேசியார் பெண்சாதிகூட. பதிலுக்கு என் கைதான் பேசிவிட்டது மார்லீன். கொஞ்சூண்டு, ஒரே ஒரு தரம், எட்டிப் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று தட்டிவிட்டேன்.

லெனர்ட் "பாட்டீ!" என்று கத்தின கத்தலில் குழந்தை யேசுவே ஆடிப்போனார். அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்ற உன் அம்மா, முப்பது வருஷமாய் என் வாயைப் பார்த்தே சமைத்த பெண், மெதுவாகத்தான் கேட்டாள்: "ஏன் அத்தை, உருண்டை வேகும்போது மூடியைத் திறந்தா அமுங்கிப்போகும்னு என் கையிலே அடிப்பீங்களே, அது வேற யாருக்கோவா?" பொத்தானைத் தட்டின கையை நான் ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டேன்.

பிடித்தவரைக்கும் காட்டுகிறேன் என்று லெனர்ட் காட்டினான். தலைமயிர் வந்திருந்தது, நெற்றி வந்திருந்தது, ரெண்டு கண்ணும் அம்சமாய் வந்திருந்தன, பாதி மூக்கு. அதுக்குக் கீழே ஒரே புழுதி. வ்லாஸ்டா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அழகான பிள்ளை, மேல்பாதி. மீதி நடந்து வருதா?" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு, போகும்போது நாலு கொலாச்சையும் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு போனாள்.

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்தப் பெட்டியோடு எனக்குச் சகவாசம் வேண்டாம், நான் வீட்டில் இருக்கும்போது ஓட்டக் கூடாது என்று லெனர்டிடம் சொல்லிவிட்டேன். குழி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, பிள்ளை ஆரோக்கியமாயிருந்தால் போதும். படமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஈஸ்டருக்கு நீங்கள் வரும்போது கையில் வாங்கிப் பார்த்துக்கொள்கிறேன். பெருமை பாவம் என்று பங்குச்சாமி சொன்னது என்னைப் பார்த்துத்தான்.

வால்டருக்கு என் விசாரிப்பு. ரூடியின் உள்ளங்காலில் ஒரு முத்தம். மாதா உங்கள் கூரைமேல் தன் முந்தானையை விரிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பாட்டி அன்டோனியா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் லெனர்ட் வந்து, இன்னொரு தரம் வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டான். சரி என்றேன். டிவி மேலே போர்வையைப் போட்டு மூடிவிட்டு, நான் வெளியே போய்க் கோழிக்கூண்டில் உட்கார்ந்துகொண்டேன், அங்கிருந்து எந்தப் பொத்தானும் எட்டாது. முழுசாய் வந்துவிட்டது! மோவாயும் வந்துவிட்டது, நட்டநடுவில் கறுப்பாய் ஒரு புள்ளி! குழிதான் என்று நான் சொல்கிறேன். கம்பியில் வந்த தூசி என்று லெனர்ட் சொல்கிறான். ஈ எச்சம் என்று உன் அம்மா சொன்னாள், ஏப்ரனால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. வ்லாஸ்டாவுக்கு ஆள் அனுப்பியாயிற்று, வந்துகொண்டிருக்கிறாள். ஆனாலும் கண்ணே, கடைக்குப் போய் அந்தப் பிள்ளையைப் புதுசாய் ஒரு போட்டோ பிடித்து, மோவாய் நன்றாய்த் தெரியும்படி, தபாலில் போடு. குழி இருந்தால் இன்றைக்கே போடு. இல்லாவிட்டால் அவசரமில்லை, இந்தப் பனியில் தபால்காரர் பாவம்.