சிறுத்தைச் சாட்சி

"லொள்" என்று ஒரே ஒரு சத்தம்தான் வந்தது. அடுத்த நொடி ஜெபசீலன் மனைவியின் முதுகுக்குப் பின்னால் இருந்தார். அவர் கையிலிருந்த மக்கன் பேடா டப்பா மட்டும் கேட்டுக்கு முன்னால் உருண்டு கிடந்தது.

கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்து நின்றது ஒரு வெள்ளை நாய். பூனையைவிடக் கொஞ்சம் பெரியது.

ஆட்டோக்காரர் சில்லறை தேடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். "இன்னா சார், இத்தினூண்டு நாய்க்குப் போயி இப்டி பேஜாராவுறியே."

"அவரைச் சாதாரணமா நினைக்காதீங்க. ஆப்பிரிக்காவுல சிறுத்தையையே விரட்டினவரு" என்றாள் புஷ்பம்.

ஆட்டோக்காரர் ஜெபசீலனை மேலும் கீழும் பார்த்தார். "அப்போ அந்தச் சிறுத்தைக்கு இன்னா பிரச்சினையோ" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஓர் உறுமல் கேட்டது. அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று வந்த அந்த உறுமலுக்கு நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு செம்பருத்திச் செடிக்குப் பின்னால் ஓடிப் பதுங்கியது. உள்ளே இதைவிடப் பெரிய நாய் ஒன்று இருக்கிறது என்று ஜெபசீலன் நடுங்கி முடிப்பதற்குள் கதவைத் திறந்துகொண்டு எப்சி அக்கா வந்தார்.

"வா தம்பி. வா புஷ்பம்." அதே கரகரப்பு. "தப்பா நினைக்காதீங்க. ரெண்டு நாளா கோயர் பிராக்டிஸ். பாட்டுச் சொல்லிக் கொடுத்தா எனக்குத் தொண்டை போயிடும், அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான். இப்போ நான் சொல்றது நாய்க்கு மட்டும்தான் புரியுது."

தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூரில் இருக்கும் இந்த வீட்டுக்கு வராமல் ஜெபசீலன் ஒரு வருடமாகத் தப்பித்து வந்தார். ஏசுபாதமும் எப்சியும் ஜாம்பியாவில் ஊழியத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியது போன வருடம். அன்றிலிருந்து புஷ்பம் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். ராணிப்பேட்டையிலிருந்து தாம்பரம் என்ன அமெரிக்காவா என்று கேட்டாள். முதுகுவலி, ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக், மழைக்காலம் என்று சொல்லிப் பார்த்தார். காரணங்கள் தீர்ந்துபோனதும் வர வேண்டியதாயிற்று.

உண்மையான காரணம், சபைக் கூட்டங்களில் அவர் சொல்லி வந்த அந்தச் சாட்சி.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ஜெபசீலன் அதே ஜாம்பியாவில் ஏசுபாதத்தோடு மூன்று வருடம் மிஷனரியாக இருந்தார். ஒரு மழை நாள், விளக்கு வைக்கும் நேரம். அந்த வாரம் முழுவதும் ஊரில் ஆடுகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. மிஷன் வீட்டின் கதவை ஒரு சிறுத்தை உறுமிக்கொண்டே பிறாண்டியது. ஜெபசீலன் கையில் ஒரு கம்புகூட இல்லாமல், பாட்டுப் பாடிக்கொண்டே கதவைத் திறந்தார். சிறுத்தை அவர் கண்ணைப் பார்த்தது. வாசலில் இருந்த கஞ்சிச் சட்டியைத் தட்டிவிட்டு ஓடிப் போனது.

இந்தச் சாட்சியை ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் கேட்டுவிட்டுத்தான் புஷ்பத்தின் அப்பா பெண் கொடுத்தார். அதற்காகவே பேங்க் மாப்பிள்ளை ஒருவரை வேண்டாம் என்று சொன்னவள் புஷ்பம். அந்த பேங்க்காரர் இப்போது ரீஜனல் மேனேஜர். "இருந்தாலும் சிறுத்தை முன்னாடி நிப்பாரா?" என்று இன்றைக்கும் அவள் கேட்பாள்.

சாட்சியில் ஒரே ஒரு குறைதான். சிறுத்தை வந்தபோது ஜெபசீலன் கட்டிலுக்கு அடியில் இருந்தார்.

பிறாண்டல் அவர் கதவை விட்டு, அடுத்த அறையில் இருந்த ஏசுபாதத்தின் கதவுக்குப் போனது. சட்டி உருளும் சத்தம். பிறகு அமைதி. ஆக, விரட்டியது ஏசுபாதம்தான். இந்த உண்மை தெரிந்த ஒரே ஆளும் ஏசுபாதம்தான்.

அந்த ஏசுபாதம் இப்போது சோபாவிலிருந்து எழுந்து கை கொடுத்தார். கை சில்லென்று வியர்த்திருந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றது.

ஏன் வியர்க்கிறது? ஜெபசீலன் யோசித்தார். ஏதோ திட்டம் வைத்திருக்கிறார்.

"பழசெல்லாம் பேச வேண்டாம் தம்பி. என்ன, சரிதானே?" என்றார் ஏசுபாதம், தோளைக் கொஞ்சம் அழுத்தமாகவே தட்டி.

மிரட்டல்தான். சந்தேகமே இல்லை.

"அதெப்படி அண்ணே, பழசு பேசத்தானே வந்தோம்" என்றாள் புஷ்பம். "அந்தச் சிறுத்தை..."

"ஃபேனைக் கூட்டி வைக்கட்டுமா?" என்றார் ஏசுபாதம்.

"மழை வரும் போலிருக்கே" என்றார் ஜெபசீலன், அதே நேரத்தில்.

வெளியே மே மாத வெயில் சுவரைப் பிளந்துகொண்டிருந்தது. எப்சி அக்கா சிரித்தார். "இந்தா, அலமாரியில ஜாம்பியா ஆல்பம் இருக்கு. பார்த்துக்கிட்டு இரு புஷ்பம். நான் சாப்பாடு எடுத்து வைக்கிறேன்."

எந்தப் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறதோ! புஷ்பம் கை கழுவப் போன நேரத்தில் ஜெபசீலன் ஆல்பத்தை உருவித் தன் பைக்குள் திணித்தார். உள்ளே மடித்திருந்த வேஷ்டிக்கு அடியில் வைத்து ஜிப்பையும் இழுத்து மூடினார்.

சாப்பிட்டு முடித்ததும் புஷ்பம் மாத்திரை எடுக்க அதே பையைத் திறந்தாள்.

"என்னங்க இது?"

"ஆல்பம்."

"அது தெரியுது. இதுல யாரு இருக்கா?"

"யாருமில்ல."

"யாருமில்லாத ஆல்பத்தை எதுக்குத் திருடணும்?" அவள் பக்கங்களைப் புரட்டினாள். "இந்தப் பச்சை கவுன் யாரு?"

"சமையல்... இல்ல, டீச்சர்."

"சமையலா, டீச்சரா?"

"சமையல் டீச்சர்."

புஷ்பம் இன்னும் இரண்டு பக்கம் தள்ளினாள். பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். "இங்க ஒரு போட்டோவை உரிச்சு எடுத்திருக்கு. உரிச்ச தடம்கூட இன்னும் புதுசா இருக்கு. எங்க அது?"

"சத்தியமா நான் எடுக்கல புஷ்பம்."

"சத்தியம் வேற பண்றீங்க. வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்."

அவர் எடுக்கவில்லை என்றால் வேறு யார்? ஏசுபாதம்தான் எடுத்து வைத்திருக்கிறார். எல்லார் முன்னாலும் காட்டுவதற்காக.

எல்லாரும் யார் என்பது மூன்று மணிக்குத் தெரிந்தது. "சாயங்காலம் நம்ம வீட்டுலதான் ஜெபக்கூட்டம்" என்றார் எப்சி அக்கா. "வெளியூர்லேருந்து வந்தவங்க சாட்சி சொல்லாம விட மாட்டாங்க தம்பி. தயாரா இரு."

ஜெபசீலன் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் தொண்டை கட்டுதுக்கா. பேச்சே வரல."

பொய் என்றாலும் பலன் உடனே கிடைத்தது. மிளகும் சுக்கும் போட்ட கஷாயம் ஒரு டம்ளர் நிறைய வந்தது. அதைக் குடித்ததில் உண்மையிலேயே பேச்சு நின்றது.

"பரவாயில்ல, நீங்க சும்மா உட்காருங்க" என்றாள் புஷ்பம். "உங்க சாட்சியை நான் சொல்றேன். எனக்கு மனப்பாடம்."

அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்குப் பதினைந்து பேர் வந்தார்கள். ஏசி ஓடியதால் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. எப்சி அக்கா டீ போடுவதற்காகச் சமையலறைக்குள் போய் அந்தக் கதவையும் சாத்திக்கொண்டார். ஏசுபாதம் மூலையில் உட்கார்ந்து சட்டைப்பையை அழுத்திப் பிடித்திருந்தார். போட்டோ அங்கேதான் இருக்கிறது என்று ஜெபசீலன் கணக்குப் போட்டார்.

புஷ்பம் எழுந்து நின்றாள். மழை வந்தது, ஆடுகள் காணாமல் போயின, உறுமல் கேட்டது. "என் வீட்டுக்காரர் கையில ஒரு கம்புகூட இல்லாம, பாட்டுப் பாடிக்கிட்டே கதவைத் திறந்தார்."

முன்வரிசையில் இருந்த மிருதுளா டீச்சர் பக்கத்து அம்மாளிடம் குனிந்தார். மெல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "இது நம்ம ஏசுபாதம் அண்ணன் சாட்சியாச்சே. இப்போ கஞ்சிச் சட்டி உருளும் பாருங்க."

புஷ்பம் நிறுத்தினாள். "கஞ்சிச் சட்டி உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷத்துல நாலு தடவை கேட்டாச்சுங்க."

புஷ்பம் மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினாள். முடிந்தது என்று ஜெபசீலன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆனால் எழுந்து நின்றவர் ஏசுபாதம். சட்டைப்பையிலிருந்து போட்டோவை எடுத்தார். அதில் மாலையும் கழுத்துமாக இளம் ஜெபசீலன் நின்றுகொண்டிருந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க." அவர் ஜெபசீலனைக் காட்டினார். "விரட்டினது இவர்தான். ஊர்க்காரங்க யாரு விரட்டினதுன்னு கேட்டப்போ இவரு அடக்கமா வானத்தைக் காட்டினாரு, உடனே மாலை போட்டுட்டாங்க. நான் ஊருக்கு வந்து என் பேரைப் போட்டுச் சொல்லிட்டேன். நீ வர்றேன்னதும் காலையில இந்தப் போட்டோவை உரிச்சு ஒளிச்சேன் தம்பி."

ஜெபசீலனுக்குப் பேச்சு வந்துவிட்டது. "நீங்க விரட்டலையா?"

"நான் எங்க விரட்டினேன்? எப்சி பக்கத்து ஊருக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கப் போயிருந்தா. மறுநாள்தான் வருவான்னு நான் தனியாத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு பீரோ மேல இருந்தேன். நீதானே விரட்டின?"

ஜெபசீலன் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "நான் கட்டிலுக்கு அடியில இருந்தேன்."

"கட்டிலுக்கு அடியில" என்று புஷ்பம் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். ரீஜனல் மேனேஜர் அவள் முகத்தில் வந்து போனார். "நீங்களும் இல்ல, அவரும் இல்ல. அப்போ சிறுத்தையை யாருதான் விரட்டினா?"

யாரும் பதில் சொல்வதற்குள் அந்தச் சத்தம் வந்தது.

சாத்தியிருந்த சமையலறைக் கதவை எதுவோ கீழிருந்து பிறாண்டியது. கூடவே அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று ஓர் உறுமல்.

இருபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகும் இரண்டு பேருக்கும் அந்தச் சத்தம் மறக்கவில்லை. ஏசுபாதம் சோபாவின் மேல் ஏறினார். ஜெபசீலன் அதற்கு அடியில் புகப் பார்த்தார். இடம் போதவில்லை.

புஷ்பம் போய்க் கதவைத் திறந்தாள்.

இரண்டு கையிலும் டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கியபடி நின்றார் எப்சி அக்கா. சோபாவின் மேலே ஒரு தரம் பார்த்தார். கீழே ஒரு தரம் பார்த்தார்.

"அன்னிக்கும் இதே மாதிரிதான், உங்க ரெண்டு பேருக்கும் கஞ்சிச் சட்டியைச் சுமந்துக்கிட்டு வந்து காலால தட்டினேன், ஒருத்தராவது கதவைத் திறந்தீங்களா?"