தலைவரின் கன்னத்தில் ஒழுகிய தண்ணீர்

உலகத்தில் தண்ணீரைத் தடுத்து நிறுத்திய பெருமை அணை கட்டிய மன்னர்களுக்கும், டோர்ட்மண்ட் தமிழர் உல்லாசப் பயண மன்றத்தின் தலைவர் ஆனந்தராசா அவர்களுக்கும் மட்டுமே உரியது. மன்னர்களுக்கு ஆயிரம் ஆட்கள் தேவைப்பட்டார்கள். எங்கள் தலைவருக்கு ஒரு சிலிக்கோன் பசைக் குழாயும் ஓர் ஏணியும் போதுமாக இருந்தன. மன்றச் செயலாளர் என்ற முறையில் அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

மன்றம் இந்த வருடம் ஒரு வோன்மொபில் வாங்கியது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வாகனம். உறுப்பினர் குடும்பங்கள் முறைவைத்து ஒவ்வொரு கிழமை, ஏழேழு நாளாக, விடுமுறை போகலாம் என்பது உன்னத நோக்கம். கூரையில் ஏசி, அதற்கு நேர் கீழே கட்டில். வெளிப்பக்கச் சுவரில், 'மக்கள் அடையாளம் காண வேண்டும்' என்பதற்காக, தலைவரின் சிரித்த முகத்தை இரண்டு மீற்றர் உயரத்துக்கு ஒட்டியிருந்தோம். மன்றத்தின் பெயர் அவருடைய கழுத்துப்பட்டிக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

திறப்பு விழா அன்று முப்பத்தாறு பாகை வெயில். ஏசியைப் போட்டோம். ஏசி ஓடினால் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் அதன் அடித்தட்டிலுள்ள சிறு துளைகளால் கூரையில் இறங்கி, வெளியே வடிந்து போகும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் வடிந்த இடம் தலைவரின் வலது கண். அங்கே தொடங்கி, கன்னம் வழியாக மீசைவரை வந்து சொட்டியது. பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் எமில் தொப்பியைக் கழற்றிவிட்டு, "இவர் எப்போது காலமானார்?" என்று மரியாதையாக விசாரித்தார்.

இரண்டே மணித்தியாலத்தில் அவசரக் கூட்டம் கூடியது. விளக்கேற்றல், ஒரு நிமிட மௌனம், வரவேற்புரை, ரோல்ஸ், தேநீர் எதிலும் குறைவில்லை.

"செயலாளர், என்னை அழப்பண்ணுறது ஆர்?" என்றார் தலைவர்.

"ஏசி, அண்ணை."

"அதின்ரை ஓட்டையளை அடைப்பம்."

தலைவரே ஏறினார். ஏசியின் மூடியைக் கழற்றி, ஒரு துளை விடாமல் சிலிக்கோன் வைத்து அடைத்தார். இறங்கும்வரை பொறுக்க முடியாமல் ஏணியின் நாலாம் படியில் வைத்தே பொன்னாடை போர்த்தினோம். முகம் உலர்ந்தது. மன்றம் நிம்மதியாக மூச்சு விட்டது.

சீட்டுக் குலுக்கலில் முதல் கிழமை கமலநாயகி அக்காவுக்கு விழுந்தது. இருபத்தாறு வருடமாக அதிகாலையில் எழும்பி அலுவலகங்களைத் துப்புரவாக்குகிற மனுசி. "கடல்கரையிலை என்ன பாக்கப் போறியள் அக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்டும் பாக்கப் போறேல்லைத் தம்பி. ஒரு கிழமை, விடிஞ்சாப் பிறகும் நித்திரை கொள்ளப் போறன். அவ்வளவுதான்."

கணவர் சோதிலிங்கம் அண்ணை ஓட்ட, இருவரும் வடகடற்கரைக்குப் போனார்கள். வெளியே போக வழியில்லாத தண்ணீர் உள்ளே வந்து, அக்காவின் தலையணையில் இறங்கியது. அடுத்த நாளே எனக்கு அழைப்பு வந்தது.

"தம்பி, மெத்தை முழுக்கத் தண்ணி. எனக்கு இருமலும் தொடங்கிட்டுது."

"வாயாலை சொன்னா ஏலாது அக்கா. ஒரு அன்ராக் எழுதி அனுப்புங்கோ."

விண்ணப்பம் என்ற தமிழ்ச் சொல்லை நாங்கள் விட்டுக் கனகாலம். அன்ராக் என்று ஜெர்மனில் சொன்னால்தான் கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் ஒரு பயபக்தி வரும்.

"ஏசியை நிப்பாட்டினா அவியுது. போட்டா ஒழுகுது. நான் எங்கை படுக்கிறது?"

"அதையும் அன்ராக்கிலை குறிப்பிடுங்கோ அக்கா."

மூன்றாம் நாள் எங்கள் வழமையான கூட்டம். நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவதாக, 'இதர விடயங்கள்' என்பதன் கீழ் அக்காவின் தலையணை விவாதத்துக்கு வந்தது. வோன்மொபில் திருத்தும் பட்டறையில் ஆறு வருடமாக வேலை செய்கிற ஸ்வர்ணா எழும்பினாள். எங்கள் கூட்டங்களில் விசயம் தெரிந்தவர்கள் எழும்புவது அபூர்வம் என்பதால் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"அடைச்ச ஓட்டையளைத் திறந்துவிடுங்கோ. பத்து நிமிச வேலை. இல்லாட்டிக் கூரைப் பலகையும் ஊறிப்போகும்."

"திறந்தா என்ரை முகத்திலை வடியுமே, பிள்ளை?"

"படத்தை மற்றப் பக்கம் ஒட்டலாம் தானே?"

தலைவர் பொறுமையின் சிகரம். "நீர் எத்தினை வருசமா மன்றத்திலை இருக்கிறீர்?" என்று மட்டும் கேட்டார்.

"இந்த வருசம்தான் சேந்தனான்."

"அப்ப இரும்."

இருந்தாள். பிறகு 'நிபுணர்களின் கருத்து உள்வாங்கப்பட்டு' தீர்மானம் நிறைவேறியது. மன்ற முத்திரை பதித்த வாளி ஒன்றைத் தபாலில் அனுப்புவது. தலைமாட்டைக் கால்மாட்டாக மாற்றிப் படுக்கும்படி அக்காவுக்கு ஆலோசனை வழங்குவது. வாளியின் நிறம் பற்றி மட்டும் நாற்பது நிமிடம் கருத்து மோதல் நடந்தது. ஜனநாயகம் என்றால் அப்படித்தான்.

வாளி போய்ச் சேரவில்லை. அதற்குள் ஸ்வர்ணா தொலைபேசியில் அக்காவுக்கு வழி சொல்லிக் கொடுத்துவிட்டாள். நாலாம் நாள் காலை, அண்ணை ஏணியைப் பிடிக்க, அறுபது வயதுப் பெண் கூரையில் ஏறி, கண்ணாடிகளில் அழுக்குச் சுரண்டும் தன் வேலைத் தகட்டால் தலைவரின் சிலிக்கோனை ஒரு பொட்டு மிச்சமில்லாமல் சுரண்டி எடுத்தார். மெத்தையை வெயிலில் காயவைத்தார். மிச்ச மூன்று நாளும் பத்து மணிவரை நித்திரை கொண்டாராம். மன்ற வரலாற்றில் இப்படியொரு துணிகரக் குற்றம் அதற்கு முன் நடந்ததில்லை.

வாகனச் சுவரில் தலைவர் அழுதபடியே டோர்ட்மண்ட் திரும்பினார். அன்று பின்னேரமே அவசர விசாரணைக் கூட்டம்.

"மன்றச் சொத்தைச் சுரண்டினது நீங்களோ?" என்று தலைவர் தொடங்கினார்.

"ஓம், நான்தான்."

"ஆரின்ரை அனுமதியிலை?"

அக்கா இருமினார். தண்ணீர் கொடுக்க ஒருவரும் எழும்பவில்லை. இருமி முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"நான் மூண்டு நாள் ஈரத்திலை கிடந்தன் தம்பி. ஒருத்தரும் அவசரக் கூட்டம் வைக்கேல்லை. உங்கடை படம் நனைஞ்ச உடனை ரெண்டு தரம் வைச்சிட்டியள்."

அவரை ஒரு வருடத்துக்கு வாகனத்திலிருந்து விலக்கும் தீர்மானம் ஸ்வர்ணாவின் கையைத் தவிர எல்லாக் கைகளும் உயர்ந்து நிறைவேறியது. என் கையும் உயர்ந்தது, மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் முந்தியே. கூட்ட அறிக்கையில் அக்கா சொன்னதை நான் பதியவில்லை. 'உறுப்பினர் இருமினார்' என்று மட்டும் எழுதி, பிழை திருத்தி, கையெழுத்து வைத்தேன்.