கொத்தமல்லிச் சாறும் அப்பாவின் ரத்தமும்

அன்பும் மரியாதையும் மிக்க சித்திக்கு,

அக்கா மகள் வணங்கி எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அப்பாவைக் கழித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் ஸ்பீக்கரில் போடாமல் உங்களோடு யாரையும் அம்மா பேச விடுவதில்லை. அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறையில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் வாளியைக் கோபித்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குக் காலில் ரத்தம் கட்டியதும், மேலும் உறையாமலிருக்க டாக்டர் மாத்திரை கொடுத்ததும் உங்களுக்குத் தெரியும். "அக்கா, கொத்தமல்லி ரத்தத்தையே அலசி விட்டுடும், தினம் ஒரு டம்ளர் சாறு குடு" என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கும். அன்று முதல் எங்கள் மிக்ஸியே பச்சையாகிவிட்டது. ஆனால் பரிசோதனையில், மாத்திரை வேலையே செய்யவில்லை என்று வந்தது. டாக்டர் அளவைக் கூட்டினார். மறுபடியும் அதே கதை, மறுபடியும் கூட்டினார். அப்பா ஏமாற்றுகிறார் என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். ஊரெல்லாம் ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிற மனுஷர், இப்போது ராத்திரியானால் டார்ச் வெளிச்சத்தில் நிற்கிறார்.

"வாயத் திறங்க. நாக்கத் தூக்குங்க."

"முழுங்கிட்டேன் தாயே!"

"எங்க, ஆ சொல்லுங்க."

பாவமாக இருந்ததால் மருந்துக்கடை அக்காவிடம் போய்க் கேட்டேன். "சாப்பாட்டுல தூவிக்கிட்டா ஒண்ணும் ஆகாதும்மா. தினம் டம்ளர் டம்ளரா சாறு குடிச்சா இந்த மாத்திரை எடுபடாது" என்றார். "அப்ப இன்னைக்கே நிறுத்திடவா?" என்றேன். "ஐயோ, அதுவும் வேணாம். டோஸைக் கூட்டியிருக்காங்கல்ல? சாற சட்டுனு நிறுத்தினா, மாத்திரையோட வேகம் ஏறி ரத்தம் நிக்காமப் போயிடும். முதல்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றார். ஆக, குடித்தாலும் ஆபத்து, நிறுத்தினாலும் ஆபத்து. அம்மாவிடம் வாயெடுத்தாலே "என் தங்கச்சிய விட உனக்குத் தெரியுமோ?" என்கிறாள். சித்தி, தவறு உங்களுடையது என்று நான் சொல்லவில்லை. நீங்களே சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நீங்கள் எல்லோரும் நூறு வயது இருக்க வேண்டும், அப்பாவும்.

இப்படிக்கு,
பயந்துபோயிருக்கும் உங்கள் மகள்

பி.கு.: உறை ஒட்டுவதற்குள் அப்பா கதவைத் தட்டிவிட்டார். கடிதத்தைப் பிடுங்கி முழுவதும் படித்தார். "சாறா? அத முதல் நாள்லேருந்து சிங்க்லதான் ஊத்துறேன் குட்டி. மனுஷன் குடிப்பானா அத?" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப மாத்திரை ஏன்ப்பா வேலை செய்யல?" என்றேன். அப்பா சோப்பு டப்பாவை எடுத்து மூடி வைத்தார். பிறகு, "கடைவாய்ப் பல்லு விழுந்த எடத்துல ஒரு மாத்திரை கச்சிதமா உக்காரும். உங்கம்மா நாக்குக்கு அடியில மட்டுந்தான் பாக்குறா" என்றார். மாத்திரை போட ஆரம்பித்த புதிதில், வேலையில் கண்ணாடி கீறியபோது ரத்தம் வெகுநேரம் நிற்கவில்லையாம், அன்றிலிருந்து மாத்திரை என்றாலே பயமாம். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லையாம். நான் அழுததைப் பார்த்து, விடிந்ததும் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்வதாக ஒப்புக்கொண்டார். ஆகவே உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. மேலே உள்ளதை அடித்துவிட்டுப் படியுங்கள். அப்பாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை. உள்ளே போகும்போது நான் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். பயப்படுவது நான்தான் என்று டாக்டர் நினைத்துக்கொள்ளட்டுமாம்.