மாப்பிள்ளை என் தலையில் கட்டிய லேப்டாப்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். போன மாதம் அலுவலக வேலையாகத் தனியாக வந்தபோது நீங்கள் என் தலையில் கட்டிவிட்டுப் போன பழைய லேப்டாப் மட்டும் சௌக்கியமில்லை. அங்கே நீங்களும் மகளும் பேத்தியும் நலம் என்று நம்புகிறேன். பேத்தி விஷயத்தில் நம்பத்தான் முடிகிறது, பார்க்க முடியவில்லை.

வீடியோ கால் வந்ததும் உங்கள் மாமியார் போனை எடுத்தால் கீழே வைப்பதில்லை. அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிற எனக்குக் குழந்தையின் நெற்றி கொஞ்சமும் உங்கள் வீட்டு மின்விசிறி முழுசாகவும் தெரியும். பிறந்ததிலிருந்து போனில்தான் பழக்கம். அவள் பேச ஆரம்பித்தும் ஆயிற்று, அந்த வாய் அசைவதை நான் இன்னும் பார்க்கவில்லை. எனக்கே எனக்கென்று ஒரு பெரிய திரை வேண்டும் என்றுதான் உங்கள் லேப்டாப்பை வாங்கி வைத்தேன்.

அதில் நெட் வரவில்லை. வயர்லெஸ் கார்டு செத்துவிட்டது என்றார் ரிப்பேர் கடைக்காரர். வேறு கார்டை வாங்கி நானே மாட்டுகிறேன் என்று வீறாப்பாக வந்துவிட்டேன். அடிமூடியைக் கழற்றியதும் ஒரு ஸ்க்ரூ உருண்டு பீரோவுக்கு அடியில் போயிற்று. தேடினால் உங்கள் மாமியார் தொலைத்த மூக்குத்தி கிடைத்தது. அதற்காவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று பார்த்தால், "அப்ப தினமும் இந்த ரூமைப் பெருக்குறேன்னு சொன்னதெல்லாம் புளுகா?" என்கிறாள். உள்ளே தலைமுடி மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு ஒயர். அவற்றைக் கார்டில் மாட்டுவதற்குள் என் பிராணன் போய் வந்தது. பேட்டரிக்கு உயிரில்லாததால் எந்நேரமும் பிளக் செருகியிருக்க வேண்டும், ஆனால் அறையில் இருப்பதோ ஒரே ஒரு சாக்கெட். பகலில் எதற்குக் கொசுவிரட்டி என்று அதைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பைச் செருகினேன். நெட் வரவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் அங்கே சமர்த்தாக வேலை செய்கிறது. வீட்டுக்கு வந்தால் வீம்பு பிடிக்கிறது. மறுபடி ஓடினேன். "சார், கார்டு ஜம்முனு இருக்கு. உங்க வீட்டுலதான் ஏதோ கோளாறு" என்கிறார். வீட்டுக் கோளாறோ சமையலறையிலிருந்து கத்துகிறது: "நீங்க அந்தப் பொட்டியத் தொறந்தாலே என் போன்ல நாடகம் நின்னு சுத்துது. எல்லா நெட்டையும் அதுவே முழுங்குது!"

ஞாயிற்றுக்கிழமைக்குள் இதற்கொரு வழி சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெட்டி பார்சலில் உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து சேரும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் தூங்கும்போது நீங்கள் சுவரில் மாட்டிவிட்டுப் போனீர்களே, அந்தக் கொசுவிரட்டியும் தேறாது. பச்சை பச்சையாகக் கண் சிமிட்டுகிறதே தவிர, கொசு அதன் மேலேயே உட்கார்ந்து இளைப்பாறுகிறது.

கூடக்குறைய எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். குறைய எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. மகளுக்கு ஆசிகள். பேத்திக்கு நெற்றியில் ஒரு முத்தம், எனக்குத் தெரிந்த இடம் அதுதான்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் மாமியார் வந்து, "நெட் பொட்டி ஒயரை யாரு புடுங்கிப் போட்டது?" என்று கேட்டாள். எது நெட் பெட்டி என்றேன். கொசுவிரட்டியைக் காட்டினாள். ஆகவே மேலே நலம் விசாரித்ததைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். எக்ஸ்டென்ஷன் பெட்டி வாங்கி இரண்டையும் சேர்த்து மாட்டி, உடனே மகளைக் கூப்பிட்டேன். நீங்கள் ஆபீசில் இருந்தீர்களாம். திரை முழுக்கப் பேத்தி. என்னை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினாள்: "அம்மா, இங்க வாயேன்! தாத்தாவுக்கு இன்னொரு காதும் இருக்கு!" இரண்டு காதையும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டே இருந்தேன், மாப்பிள்ளை.